கைமாறும் கைபேசி, கைமாறாத பொறுப்பு

ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நோயாளிக்குச் சிகிச்சை செய்பவர் ஒருவர் அல்லர். மருந்தை எழுதிய டாக்டர் ஒருவர், அதை அளந்து அனுப்பிய மருந்தாளுநர் இன்னொருவர், ஊசியில் ஏற்றிய நர்ஸ் மற்றொருவர். இரத்தத்தைச் சோதித்து முடிவு சொன்னவரோ நோயாளியின் முகத்தையே பார்த்திராதவர். காலையில் கவனித்தவர் மாலையில் வீட்டுக்குப் போய்விடுகிறார்; இரவில் வருகிறவர் முற்றிலும் புதியவர். இத்தனை பேருடைய கைகளும் ஓர் உடம்பின்மீது ஒரே கருத்தோடு வேலை செய்ய வேண்டுமானால் அவர்களுக்கிடையே செய்தி தங்குதடையின்றி ஓட வேண்டும். செய்தி நின்றால் சிகிச்சை நிற்கும், செய்தி பிசகினால் சிகிச்சையும் பிசகும். அந்தச் செய்தியோட்டத்தைத் தாங்கும் சாதனமாக இன்று மேல்நாட்டுப் பெரிய ஆஸ்பத்திரிகளில் வந்து சேர்ந்திருப்பது, எந்த நர்ஸுக்கும் சொந்தமல்லாமல், ஒரு ஷிப்டில் ஒருவர் கையிலும் அடுத்த ஷிப்டில் வேறொருவர் கையிலுமாகச் சுற்றி வருகிற பொதுக் கைபேசி. அதைப் பராமரிப்பது மேலோட்டமாகப் பார்த்தால் ஸ்டோர் கீப்பரின் வேலைபோலத் தோன்றும். ஆனால் நோயாளியின் உயிரையும் அந்தரங்கத்தையும் ஒருங்கே தொடுகிற விஷயம் அது.

கைபேசிக்கு முன்பு அந்த ஸ்தானத்தில் இருந்தது பேஜர். கண்டுபிடிப்பாளர் ஆல் கிராஸ் 1949-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். மறு வருஷமே நியூயார்க் நகரத்து யூத ஆஸ்பத்திரியில் அது உபயோகத்துக்கு வந்தது. டாக்டரின் இடுப்பில் தொங்கிக்கொண்டு, வேண்டிய வேளையில் கீச்சென்று ஒலித்து, கூப்பிட வேண்டிய டெலிபோன் எண்ணைக் காட்டும் அந்தச் சிறு பெட்டி, வெளியுலகம் அதை மறந்துவிட்ட பிறகும் ஆஸ்பத்திரிகளை விட்டுப் போகவில்லை. 2019 பிப்ரவரியில் பிரிட்டனின் சுகாதார மந்திரி மாட் ஹான்காக், தேசிய சுகாதார சேவையாகிய என்.எச்.எஸ்.ஸில் 2021 முடிவதற்குள் பேஜர்களை ஒழித்துவிட வேண்டும் என்று உத்தரவிட்டபோது, அந்தச் சேவையில் ஏறக்குறைய 1,30,000 பேஜர்கள் இருந்தன. உலகில் எஞ்சியிருந்த பேஜர்களில் பத்தில் ஒரு பங்குக்கும் அதிகம் அது என்றும், வருஷத்துக்கு 66 லட்சம் பவுன் அதற்காகச் செலவாகிறது என்றும் அரசாங்கமே கணக்குச் சொல்லியது. பேஜர் இவ்வளவு காலம் நிலைத்ததற்கு நியாயமான காரணங்கள் இருந்தன: அதன் அலைகள் கனத்த சுவர்களையும் ஊடுருவின, அதன் பாட்டரி பல நாள் தாங்கியது, அதைக் கையில் எடுத்துக்கொள்ளப் பயிற்சியோ பாஸ்வேர்டோ வேண்டியிருக்கவில்லை. ஆனால் அது ஒருவழிப் பாதை. ஒலித்ததும் டாக்டர் டெலிபோனைத் தேடி ஓட வேண்டும்; அழைத்தவர் அதற்குள் அந்த இடத்தை விட்டு நகர்ந்திருப்பார்; அழைப்பு உயிர் போகிற அவசரமா, நாளைக்குச் செய்யக்கூடிய காரியமா என்பதும் அந்த எண்ணிலிருந்து தெரியாது.

கைபேசி செய்கிற வேலை செய்தி அனுப்புவதோடு நின்றுவிடுவதில்லை. 1992-இல் அமெரிக்காவின் கான்ஸஸ் மாகாணத்து டொபீகா நகரில், முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரியின் நர்ஸான சூ கின்னிக், தாம் எடுத்த வாடகைக் காரைத் திருப்பிக் கொடுத்தபோது, அங்கிருந்த ஊழியர் கையடக்கமான ஒரு கருவியால் காரின் பார்கோடை வாசித்து நொடியில் கணக்கை முடித்ததைக் கண்டார். காருக்குச் செய்யக் கூடியதை மருந்துக்கு ஏன் செய்யக் கூடாது என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. அந்த எண்ணம் டொபீகாவில் பரீட்சை செய்யப்பட்டு, 1990-களின் இறுதியில் தேசம் முழுவதிலுமுள்ள படைவீரர் ஆஸ்பத்திரிகளுக்குப் பரவியது. நர்ஸ் முதலில் நோயாளியின் மணிக்கட்டிலுள்ள பட்டையை வாசிக்கிறார். பிறகு மருந்து உறையை வாசிக்கிறார். ஆள் மாறியிருந்தாலும், மருந்து மாறியிருந்தாலும், அளவோ வேளையோ தவறியிருந்தாலும், மருந்து நோயாளியின் வாய்க்குப் போவதற்கு முன்பே கருவி எச்சரித்துவிடுகிறது. அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 1999-இல் வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டு ஆஸ்பத்திரிகளில் தடுத்திருக்கக்கூடிய பிசகுகளால் வருஷந்தோறும் 44,000 முதல் 98,000 பேர் வரை உயிரிழப்பதாக மதிப்பிட்டு உலகைத் திடுக்கிட வைத்தது என்பதை நினைத்தால், இந்த எச்சரிக்கையின் பெறுமானம் விளங்கும். ஒரு காலத்தில் சக்கர வண்டியில் தள்ளிக்கொண்டு போன கம்ப்யூட்டர் செய்த அந்த வேலையை இன்று சட்டைப் பைக்குள் அடங்கும் கைபேசி செய்கிறது; நோயாளி அழுத்தும் அழைப்பு மணியும், பரிசோதனைச் சாலையின் முடிவும், இதயத் துடிப்பைக் கண்காணிக்கும் யந்திரத்தின் அபாய ஒலியும் அதிலேயே வந்து சேர்கின்றன.

அப்படியானால் ஒவ்வொரு நர்ஸும் தம் சொந்தக் கைபேசியையே உபயோகித்தால் என்ன என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்குப் பதிலை அனுபவம் கொடுத்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் லானார்க்‌ஷயர் சுகாதார வாரியத்தில், பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஏப்ரல் முதல் 2022 ஏப்ரல் வரை 26 ஊழியர்கள் ஒரு வாட்ஸ்அப் குழுவில் நோயாளிகளின் பெயர், விலாசம், டெலிபோன் எண், படங்கள் முதலியவற்றை 500 தடவைகளுக்கு மேல் பகிர்ந்துகொண்டார்கள். அந்தக் குழுவில் ஊழியரல்லாத ஒருவரும் தவறுதலாகச் சேர்க்கப்பட்டிருந்தார். பிரிட்டனின் தகவல் ஆணையர் 2023-இல் அந்த வாரியத்தைப் பகிரங்கமாகக் கண்டித்தார். அந்த ஊழியர்கள் துஷ்டர்கள் அல்லர். எந்த நேரமும் கையிலிருந்த சாதனத்தைக் கொண்டு, நெருக்கடியில், வேலையை நடத்தப் பார்த்தவர்கள். ஆனால் சொந்தக் கைபேசியில் எடுத்த புண்ணின் படம் குழந்தையின் பிறந்தநாள் படத்தோடு ஒரே ஆல்பத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஊழியர் வேலையை விட்டுப் போகும்போது நோயாளியின் ரகசியமும் அவரோடு போய்விடுகிறது. ஆகையால் கருவியை ஆஸ்பத்திரியே வாங்கித் தர வேண்டியிருக்கிறது.

வாங்குவது என்றவுடன் கணக்கு குறுக்கே வந்து நிற்கிறது. வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வேலை செய்வதோ ஏறக்குறைய 40 மணி நேரம். ஆகவே வார்டில் எந்நேரமும் 8 பேர் நிற்க வேண்டுமென்றால் வருகைப் பதிவேட்டில் 34 பெயர்களாவது இருக்க வேண்டும். ஆளுக்கொரு கைபேசி என்றால் 34 வாங்கி, அவற்றில் 26 எப்போதும் அலமாரியிலும் வீட்டிலும் சும்மா கிடக்கும். 8 பேருக்கு 8, பழுதுக்கும் சார்ஜுக்கும் இரண்டு மூன்று உபரி என்று வாங்கினால் செலவு மூன்றில் ஒரு பங்காகிறது. இந்த நியாயத்திலிருந்துதான் பொதுக் கைபேசி பிறந்தது. அதன் சங்கடங்களும் இதிலிருந்தே பிறந்தன.

நம் கிராமங்களில் கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் கொடுப்பதற்கென்று ஊர்ப் பொதுவில் அண்டா, குண்டான், கரண்டிகள் வைத்திருப்பார்கள். அவற்றை எடுத்துப் போகிறவர் பெயரை நோட்டில் எழுதி, எண்ணிக் கொடுத்து, கழுவித் துடைத்துத் திரும்பி வந்ததும் மறுபடி எண்ணி வாங்கினால், அவை மூன்று தலைமுறைக்கு உழைக்கும். நோட்டு இல்லாத ஊரில் இரண்டு முகூர்த்தத்துக்குள் பாதி காணாமற் போய்விடும். ஆஸ்பத்திரிக் கைபேசிக்கும் அந்த நோட்டுத்தான் உயிர். ஒரு வித்தியாசம் உண்டு: அண்டாவில் போன வீட்டுச் சாதம் ஒட்டியிருந்தால் கண்ணுக்குத் தெரியும்; கைபேசியில் போன ஷிப்டின் நர்ஸ் ஒட்டிக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரியாது.

முந்திய நர்ஸ் தம் கணக்கை மூடாமல் கருவியை வைத்துவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்தவர் அவசரத்தில் அதை எடுத்து மருந்து கொடுக்கிறார். கொடுத்தவர் பெயராகப் பதிவேட்டில் ஏறுவது, வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பவரின் பெயர். மறுநாள் ஒரு கேள்வி எழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் ஒன்றும் அறியாதவர். அறிந்தவரோ பதிவில் இல்லாதவர். இதைவிடக் கொடிய இன்னொன்றும் நேரலாம். ஆறு படுக்கைகளின் அழைப்பு மணி ஒரு குறிப்பிட்ட கைபேசிக்கு என்று இணைக்கப்பட்டிருந்து, ஷிப்ட் மாறியபோது அந்த இணைப்பு மட்டும் மாறாமல் இருந்துவிட்டால், மூச்சுத் திணறும் கிழவர் அழுத்துகிற மணி, யாருமில்லாத அறையில், பூட்டிய அலமாரிக்குள் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் ஒரு கருவியில் ஒலித்துக்கொண்டிருக்கும். யந்திரத்தில் பழுதில்லை, மணியும் ஒழுங்காகவே அடிக்கிறது. அந்தக் கருவி அந்தக் கணத்தில் யார் கையில் இருக்கிறது என்ற ஒரே ஒரு ஞானம் மாத்திரம் அங்கே இல்லை. பொதுக் கைபேசி நிர்வாகத்தின் சாரம் முழுவதும் இந்த ஒரு ஞானத்தில் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

சட்டம் இதை நெடுநாட்களாகவே வற்புறுத்தி வருகிறது. அமெரிக்காவில் 1996-இல் இயற்றப்பட்ட ஹிப்பா சட்டத்தின் பாதுகாப்பு விதிகள், நோயாளியின் தகவலைத் தொடும் ஒவ்வொருவருக்கும் தனி அடையாளம் இருக்க வேண்டும் என்கின்றன; பிரிட்டனில் ஃபியோனா கால்டிகாட் அம்மையாரின் தலைமையில் 1997-இல் வெளிவந்த அறிக்கை, அவசியமானவர் மட்டுமே, அவசியமான அளவுக்கு மட்டுமே, நோயாளியின் தகவலைப் பார்க்க வேண்டும் என்ற தத்துவத்தை நிலைநாட்டியது. ஆனால் விதியை எழுதுவது ஒன்று, அதை வார்டில் நடத்திக் காட்டுவது வேறு. 2007-இல் பிரிட்டனின் ஓர் ஆஸ்பத்திரியில், கம்ப்யூட்டருக்குள் நுழைவதற்கே ஒரு நிமிஷத்துக்கு மேல் பிடித்த காரணத்தால், அவசர சிகிச்சைப் பிரிவில் ஒருவருடைய அடையாள அட்டையைச் செருகியபடியே விட்டு எல்லோரும் அதைக்கொண்டு வேலை பார்க்கலாம் என்று நிர்வாகமே இசைய நேர்ந்தது. இரத்தம் கசிகிற மனிதனைக் கண்முன் வைத்துக்கொண்டு பாஸ்வேர்டை மூன்றாவது தடவை தட்டிக்கொண்டிருக்கும்படி எந்த நர்ஸையும் கேட்க முடியாது. கேட்டாலும் அவர் செய்யமாட்டார். செய்யாததற்காக அவரைக் குற்றம் சொல்லவும் நியாயமில்லை.

இதற்கு மறுபக்கத்தை லிவர்பூல் நகரத்தின் ஆல்டர் ஹே குழந்தைகள் ஆஸ்பத்திரி காட்டியது. பல கணினித் திட்டங்களுக்குத் தனித்தனியே நுழைவதை ஒழித்து, ஒரே நுழைவில் எல்லாம் திறக்கும்படி செய்தவுடன், ஒரு நிமிஷம் 45 விநாடி பிடித்த காரியம் 10 விநாடியில் முடிந்தது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 5,000 தடவை ஊழியர்கள் இப்படி நுழைகிற ஸ்தாபனத்தில், அது தினமும் 130 மணி நேரத்துக்கு மேல் மிச்சப்படுத்திக் கொடுத்தது. பிரிட்டிஷ் அரசாங்கம் 2020 ஜனவரியில் இந்த உதாரணத்தை எடுத்துக்காட்டியே, மற்ற ஆஸ்பத்திரிகளும் இவ்வாறு செய்வதற்கென்று 4 கோடி பவுன் ஒதுக்கியது. பாதுகாப்பு என்பது வேகத்துக்கு விரோதி என்ற பழைய எண்ணத்தை இந்தச் சம்பவம் பொய்யாக்குகிறது. வேகமான வழி பத்திரமான வழியாகவும் இருந்துவிட்டால், அதைவிட்டுக் குறுக்கு வழியில் போக யாருக்கும் காரணமே இல்லை.

நன்றாக நடத்தப்படும் ஒரு வார்டில் காலை ஏழு மணிக்கு என்ன நடக்கிறது என்பதைச் சற்று அருகே நின்று பார்க்கலாம். நர்ஸ்கள் உட்காரும் மேஜைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு தாங்கி. அதில் வரிசையாகச் செருகிய கைபேசிகள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு சிறு விளக்கு. டியூட்டிக்கு வந்த நர்ஸ், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைத் தாங்கியின் ஓரத்திலுள்ள கருவியில் தொடுகிறார். இருப்பவற்றில் அதிகம் சார்ஜ் ஏறிய ஒன்றின் விளக்கு மாத்திரம் நிறம் மாறுகிறது. அவர் அதை உருவி எடுக்கும்போதே, இன்ன எண்ணுள்ள கைபேசி, இன்ன நேரத்தில், இன்னார் கைக்குப் போயிற்று என்று மைய நிர்வாகத்தின் பதிவேட்டில் விழுந்துவிடுகிறது. திரையில் அவர் பெயர் தோன்றுகிறது. அன்றைக்கு மட்டும் செல்லுபடியாகும் ஒரு ரகசிய எண்ணை அவர் அமைத்துக்கொள்கிறார். மருந்துப் பதிவேடும், செய்திப் பரிமாற்றமும், அழைப்பு மணியும் ஒரே நுழைவில் அவர் பெயருக்குத் திறந்துகொள்கின்றன. ஷிப்ட் முடிந்து கருவியை மறுபடி தாங்கியில் செருகியதும், அவர் விட்டுச் சென்ற கணக்குகள் யாவும் மூடப்பட்டு, ரகசிய எண் அழிக்கப்பட்டு, அடுத்தவருக்கு அது வெறுங்கருவியாகக் காத்திருக்கிறது. நர்ஸ் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது இரண்டே: எடுக்கும்போது தொடுவது, முடிந்ததும் செருகுவது. மற்றவற்றை யந்திரமே பார்த்துக்கொள்கிறது.

இதற்குப் பின்னால் நின்று வேலை செய்வது, ஆஸ்பத்திரியின் கைபேசிகள் அனைத்தையும் ஓரிடத்திலிருந்து ஆளும் மேலாண்மை மென்பொருள். எந்தச் செயலி இருக்கலாம், எது கூடாது, காமிராவில் எடுத்த படம் எங்கே போக வேண்டும், எத்தனை நிமிஷம் தொடாமல் இருந்தால் திரை பூட்டிக்கொள்ள வேண்டும் என்பவற்றையெல்லாம் அது விதிக்கிறது. காணாமற் போன கருவியைத் தூரத்திலிருந்தே பூட்டி, திரையில் ஒரு செய்தியை எழுதி, இருக்குமிடத்தைக் காட்டச் செய்யலாம். ஆஸ்பத்திரிக் கைபேசிகள் களவு போவதைக் காட்டிலும் மறதியால் போவதே சகஜம். படுக்கை விரிப்போடு சுருட்டப்பட்டுச் சலவைக்குப் போகும், அல்லது களைத்த நர்ஸின் சட்டைப் பையிலேயே வீடு போய்ச் சேரும். ஷிப்ட் முடிந்த அரை மணியில், கருவி இன்னும் உங்களிடம் இருக்கிறது என்று ஒரு நினைவூட்டல் போனால், பெரும்பாலானவை மாலைக்குள் திரும்பிவிடும்.

இனி, சில்லறைபோலத் தோன்றினாலும் திட்டத்தையே கவிழ்க்கக் கூடிய சங்கதிகள் சில உண்டு. முதலாவது பாட்டரி. ஒருவருடைய சொந்தக் கைபேசி இரவில் ஓய்வு பெறுகிறது. பொதுக் கைபேசிக்கு இரவும் பகலும் ஒன்றே. ஏற்றி இறக்கும் ஒவ்வொரு தடவையும் லித்தியம் பாட்டரியின் சக்தி கொஞ்சம் குறைகிறதாகையால், வீட்டில் மூன்று வருஷம் உழைப்பது வார்டில் அதற்கு முன்பே தளர்ந்துவிடும். ஆஸ்பத்திரிக்கென்றே செய்யப்படும் சில கருவிகளில் பாட்டரியை மட்டும் கழற்றி மாற்றும் வசதி இருப்பது இதனால்தான். இரண்டாவது வைஃபை. ஈயத் தகடு பதித்த எக்ஸ்ரே அறையின் ஓரத்திலும், லிஃப்டுக்குள்ளும், மாடிப்படித் திருப்பத்திலும் அலை அறுந்துபோகிறது. நோயாளியை வார்டிலிருந்து ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும் வழியும் பல ஆஸ்பத்திரிகளில் அதுவே. கருவி வாங்குவதற்கு முன் அந்த வழி முழுவதையும் நடந்து பார்த்து அலையை அளந்தாக வேண்டும்.

மூன்றாவது சுத்தம். வியன்னாவில் 1847-இல் இக்னாஸ் செம்மல்வைஸ், பிரசவ வார்டுக்குள் நுழையும் டாக்டர்கள் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வேண்டும் என்று விதித்து, தாய்மார்களின் மரணத்தைப் பெரிதும் குறைத்துக் காட்டினார். கழுவிய கை அடுத்த கணம் கழுவாத கைபேசியைத் தொட்டால் அந்தக் கழுவுதலுக்குப் பயன் என்ன? ஒவ்வொரு கைமாற்றத்திலும் கருவியைக் கிருமிநாசினித் துணியால் துடைக்க வேண்டும். துடைத்த ஈரம் கருவியின்மேல் குறிப்பிட்ட நேரம்வரை காயாமல் இருந்தால்தான் கிருமி சாகும். துணி கடினமானதாக இருந்தால் கண்ணாடியின் மேற்பூச்சு தேய்ந்துபோகும். 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தோய்ந்த துணியால் தன் கைபேசிகளை மெல்லத் துடைக்கலாம் என்று ஆப்பிள் கம்பெனி தன் அறிவுரையை மாற்றிக்கொண்டதே 2020-இல், தொற்று பரவத் தொடங்கிய பிறகுதான். துணிப் பெட்டி தாங்கிக்குப் பக்கத்திலேயே, கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பத்தடி தள்ளி வைத்தால் அது உபயோகப்படாது.

நான்காவது ஓசை. எல்லா யந்திரங்களின் எச்சரிக்கையும் சட்டைப் பைக்குள் வந்து சேர்கிறபோது, பொருளற்ற ஒலிகளுக்கு நடுவே பொருளுள்ள ஒலி அமிழ்ந்து போகிறது. அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளுக்குத் தரச் சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன், 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை தனக்குத் தெரிவிக்கப்பட்டவற்றில் அபாய ஒலி சம்பந்தமான 98 அசம்பாவிதங்களையும், அவற்றில் 80 மரணங்களையும் 2013-இல் எடுத்துக்காட்டி எச்சரித்தது. எந்த ஒலி யாருக்கு, எத்தனை விநாடிக்குள் பதில் வராவிட்டால் அடுத்து யாருக்கு என்பதை முன்கூட்டியே தீர்மானிக்காமல் கைபேசியைக் கொடுப்பது, நர்ஸின் காதில் பளுவை ஏற்றுவதே தவிர உதவி அல்ல. ஐந்தாவதாக, எல்லாமே நின்றுபோகிற நாள் ஒன்று வரும். 2022 நவம்பரில் டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கணினிகள் விஷமிகளால் முடக்கப்பட்டபோது, பல நாட்கள் கையால் எழுதியே சிகிச்சையை நடத்த வேண்டியிருந்தது. காகிதமும் பேனாவும் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று ஒவ்வொரு நர்ஸுக்கும் தெரிந்திருப்பது கைபேசி நிர்வாகத்தின் ஓர் அங்கமே.

ஊழியர்களின் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்லியாக வேண்டும். கருவி எங்கே இருக்கிறது என்று காட்டக் கூடிய சாதனம், அதை வைத்திருப்பவர் எங்கே இருக்கிறார் என்றும் காட்டும். சாப்பாட்டுக்கு எத்தனை நிமிஷம் போனார், எந்த அறையில் நின்றார் என்று கணக்கெடுக்க அதை ஒரு மேலதிகாரி உபயோகிக்கத் தொடங்கினால், தொலைந்த கருவிக்குச் சம்பளத்தில் பிடித்தால், நர்ஸ்கள் அதை எடுக்கவே தயங்குவார்கள். எடுத்தாலும் ஓர் இழுப்பறையில் போட்டுவிட்டுப் போவார்கள். அப்போது சொந்தக் கைபேசியும் வாட்ஸ்அப்பும் பின்வாசல் வழியே திரும்பி வந்துவிடும். பதிவேடு நோயாளியின் க்ஷேமத்துக்கு என்பதை எழுத்தில் எழுதி, அந்த எல்லையை நிர்வாகம் தானே மீறாமல் இருப்பதுதான் நம்பிக்கைக்கு வழி.

நம் நாட்டுக்கு இது தூரத்து விஷயம் அல்ல. எக்ஸ்ரே படத்தையும் இரத்தச் சோதனை முடிவையும் டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது நம் ஆஸ்பத்திரிகளில் அன்றாட வழக்கம். அதனால் தப்பிய உயிர்கள் பல என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவலைக் காக்கத் தவறும் ஸ்தாபனத்துக்கு 250 கோடி ரூபாய்வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. அதற்கு அஞ்சி, வாட்ஸ்அப் கூடாது என்று ஒரு சுற்றறிக்கையை மட்டும் ஒட்டிவிட்டு வேறு வழி காட்டாமல் விட்டால், வழக்கம் மறைவாகத் தொடருமே ஒழிய நிற்காது. தடை செய்வதற்கு முன், அதைவிடச் சுலபமான ஒன்றைக் கையில் கொடுக்க வேண்டும்.

ஆகவே, கைபேசி வாங்கத் தீர்மானிக்கும் அதிகாரிகள், விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் ஓர் இரவு முழுவதும் வார்டில் நின்று பார்க்கட்டும்: நர்ஸ் எத்தனை தடவை கருவியைத் தேடுகிறார், ஒவ்வொரு தடவையும் உள்ளே நுழைய எத்தனை விநாடி ஆகிறது, எந்த மூலையில் அலை அறுகிறது, விடியற்காலையில் எத்தனை கருவிகளுக்கு உயிர் இருக்கிறது என்று எழுதிக்கொள்ளட்டும். அந்தக் குறிப்புகளே அவர்கள் வாங்க வேண்டியது எது, விதிக்க வேண்டியது எது என்பதைச் சொல்லிவிடும். விடியற்காலை மூன்று மணிக்கு, பத்து மணி நேரம் நின்று களைத்த ஒரு நல்ல நர்ஸ், யோசிக்காமலே கடைப்பிடிக்கக் கூடிய விதிதான் ஆஸ்பத்திரிக்கு ஏற்ற விதி. அவரால் கடைப்பிடிக்க முடியாத விதி எத்தனை கண்டிப்பாக எழுதப்பட்டிருந்தாலும், அதைத் திருத்த வேண்டியது நிர்வாகத்தின் கடமையே அன்றி நர்ஸின் குற்றம் அல்ல.